புது வருஷத்துக்கு முன் பழைய தட்டு

நமக்கு வருஷம் இரண்டு தடவை பிறக்கிறது. ஜனவரி முதல் தேதி கல்லாவுக்குப் பின்சுவரில் புதுக் காலண்டரை மாட்டுகிறோம். முஹர்ரம் முதல் பிறையோடு ஹிஜ்ரி வருஷம் பிறக்கிறது. ஹிஜ்ரி 1447 மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2025 ஜூன் 27ஆம் தேதி பிறந்தது. இரண்டில் எது வந்தாலும் நம் வியாபாரச் சகோதரர்களின் மனத்தில் ஒரு ஜாபிதா தயாராகிவிடுகிறது. இந்த வருஷம் கடையைச் சீர்படுத்த வேண்டும், வெளியே நிற்கும் பாக்கியை வசூலிக்க வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்து வர வேண்டும் என்றெல்லாம் எண்ணுகிறோம். மூன்றாவது வாரத்தில் அந்த ஜாபிதா எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

மனவுறுதி இல்லாததே காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது ஓரளவு மெய்தான். ஆயினும் வியாபாரியின் விஷயத்தில் வேறொரு காரணமும் இருக்கிறது. இருப்பு எடுக்காமல் கொள்முதலுக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதே நாம், கையில் என்ன இருக்கிறது, யார் தரவேண்டும், யாருக்குத் தரவேண்டும் என்று பாராமலேயே ஒரு வருஷத்துக்குத் திட்டம் போடுகிறோம். இந்தப் பாடத்தில் முதலில் பழையதை ஒழிப்பதையும் எண்ணுவதையும் பார்த்துக்கொண்டு, தீர்மானத்தைக் கடைசிக்குத் தள்ளி வைப்போம்.

எந்த ஷஃபான்?

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்பட்ட வரலாறு வியாபாரிகள் அறியத்தக்கது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரத் நடந்து ஏறக்குறைய 17 வருஷங்களுக்குப் பின் அது ஏற்படுத்தப்பட்டது. அதற்குக் காரணமாக வரலாற்று நூல்கள் கூறும் செய்திகளுள் ஒன்று ஒரு கடன் சீட்டைப் பற்றியது. ஷஃபான் மாதத்தில் பணம் செலுத்தவேண்டும் என்று எழுதிய சீட்டொன்று கலீஃபாவிடம் கொண்டுவரப்பட்டதாம். எந்த ஷஃபான், சென்றதா, நடப்பதா, இனி வருவதா என்று அவர்கள் கேட்டார்களாம். சீட்டில் அதற்கு விடை இல்லை. ஆண்டை எண்ணிக் குறிக்க ஒரு முறை வேண்டும் என்ற யோசனை அதிலிருந்து எழுந்தது என்பர்.

இப்போது நம் கடையிலுள்ள கடன் நோட்டைத் திறந்து பாருங்கள். "15/3 பாக்கி 80" என்று எழுதியிருக்கும். எந்த வருஷத்து மூன்றாம் மாதம்? எழுதிய கைக்கு அன்று தெரிந்திருக்கும்.

என் தாய்மாமா வடபகுதி ஊர் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜவுளிக் கடை வைத்திருந்தார். கையும் சுத்தம், வாக்கும் சுத்தம். கணக்கு மட்டும் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த நான்காம் நாள் மச்சான்மார் இருவரும் நானும் மேசை இழுப்பறையைத் திறந்தோம். மூன்று கடன் நோட்டுகள், ரப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டுகள், நின்றுபோன கைக்கடிகாரங்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். நோட்டில் "சைக்கிள் தம்பி 140", "பச்சை வேன் 60", "டீச்சர் மகள் கல்யாணம் 900" என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்தத் தம்பி யார், அந்த டீச்சருக்கு எந்த ஊர் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரை நாங்கள் நான்கு நாளைக்கு முன்தான் அடக்கம் செய்திருந்தோம்.

வரவேண்டியது வராமற்போனால் நஷ்டம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். தரவேண்டியதுதான் எங்களை உட்காரவிடவில்லை. ஏழாம் நாள் ஒருவர் வந்து, மாமா தமக்கு 2,800 வெள்ளி தரவேண்டும் என்றார். பொய் சொல்கிறவராகத் தோன்றவில்லை. சீட்டும் அவரிடம் இல்லை. இறந்தவர் சொத்தில் அடக்கச் செலவு போக, முதலில் தீர்க்கவேண்டியது கடன், பிறகு வஸிய்யத்து, பிறகே வாரிசுகளின் பங்கு என்ற வரிசையை நம்மில் அறியாதவர் இல்லை. கடன் எவ்வளவு என்றே தெரியாதபோது அந்த வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூத்த மச்சான் கொடுத்துவிடலாம் என்றார். இளையவர் சாட்சி கேட்டார். கடைசியில் 1,400 கொடுத்து அனுப்பினோம். அவர் சொன்னது மெய்யானால் மாமாவின் கடனில் பாதி இன்னும் நிற்கிறது. பொய்யானால் மாமியும் பிள்ளைகளும் பெறவேண்டியதிலிருந்து 1,400 வெள்ளியை எடுத்து அந்நியருக்குக் கொடுத்திருக்கிறோம். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சான்மார் இருவருக்கும் இடையே அதன்பின் பேச்சும் குறைந்துவிட்டது.

வாடகை தின்னும் சரக்கு

அந்தக் கடையை ஒழித்தபோது பரணிலிருந்து இறங்கியவற்றை ஐந்தடியில் பரப்பினால் அடுத்த கடை வாசல் வரை போயிற்று. வழக்கொழிந்த பூப்போட்ட துணிகள், சின்னப் பிள்ளைகளின் அளவிலேயே மிஞ்சிப்போன சொங்கோக்குகள், பிரிக்காத கைலிக் கட்டுகள், நாலைந்து வருஷத்துக் காலண்டர்கள். காலண்டர் எதற்கு மாமா வைத்திருந்தார் என்று கேட்டதற்கு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, கணக்கு எழுதலாம் என்பார் என்று மாமி சொன்னார்.

காலண்டரை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் கேட்ட விலைக்குப் போகும். ஜனவரி கடைசியில் பாதி விலைக்கும் ஆள் வராது. மார்ச்சில் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுப்பார். மேலேயே தேதி அச்சிட்டிருப்பதால் அதன் காலம் முடிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. கைப்பேசி உறைக்கும், தொலைபேசிக் கார்டுக்கும், பெருநாளைக்கு வந்த புது மாதிரிச் சட்டைக்கும் அதே கதிதான். தேதி எழுதியிராத காரணத்தால் நாம் அவற்றைச் சரக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 800 சதுர அடிக் கடைக்கு மாத வாடகை 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 5 வெள்ளி ஆகிறது. அடக்க விலை 18 வெள்ளி வீதம் வாங்கிய 200 கைலிகள், இரண்டு வருஷமாக 20 சதுர அடியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. சரக்கின் முதல் 3,600 வெள்ளி. அது இருக்கும் இடத்துக்கு மாதம் 100 வீதம் இரண்டு வருஷத்தில் நாம் கொடுத்த வாடகை 2,400 வெள்ளி. இன்னும் ஒரு வருஷம் வைத்தால் வாடகையும் முதலும் சமமாகிவிடும். கைலியை 10 வெள்ளிக்கு விற்று முடித்தால் 2,000 வெள்ளி கைக்கு வரும். அதை ஓடும் சரக்கில் போட்டு, ஒரு தடவைக்கு நூற்றுக்கு 15 வீதம் வருஷத்தில் நான்கு தடவை திருப்பினால் 1,200 வெள்ளி மொத்த லாபம்.

"அடக்க விலைக்குக் கீழே எப்படித் தம்பி கொடுப்பது?" என்று மாமா கேட்பார். நம்மில் பாதிப் பேரின் கேள்வி அதுதான். வாங்கிய விலை நமக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையே முடிந்துபோன விஷயம். வாங்க வருகிறவர் அதைக் கேட்பதில்லை. இன்று சந்தையில் அதற்கு என்ன கிடைக்கும் என்பதே இன்றைய மதிப்பு. (கைலியை மலாய்க்காரர்கள் பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரால் வந்தது. பெயர் இன்னும் கடைத்தெருவில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் வாணிபம் போய் வெகுகாலமாயிற்று.)

ஜக்காத்துக் கணக்கும் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. வியாபாரச் சரக்குக்கு ஜக்காத்து பார்க்கும்போது அன்றைய மதிப்பைத்தான் பார்க்கவேண்டும். கையிருப்புப் பணமும் வரக்கூடிய கடனும் சேர்ந்து நிஸாபை எட்டினால் நூற்றுக்கு 2½. இது சந்திர வருஷத்துக்கு. சந்திர வருஷம் 354 அல்லது 355 நாள் என்பதால், ஆங்கில வருஷப்படி ஐந்தொகை போடுகிறவர்களுக்கு வீதம் சுமார் 2.58 ஆகும். தேங்கிய சரக்கையும், வருமா வராதா என்று தெரியாத கடனையும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடமோ ஜக்காத்து அலுவலகத்திலோ கேட்டுக்கொள்வது நலம். கேட்கப் போகும்போது கையில் ஜாபிதா இருக்கவேண்டும். பரணில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போனால் அவர்கள்தாம் என்ன சொல்வார்கள்?

ஒழிக்கும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிடவேண்டும். விற்காததையெல்லாம் மூட்டை கட்டி அநாதை இல்லத்துக்கும் மதரஸாவுக்கும் அனுப்பிவிட்டு ஸதக்கா என்று எழுதிக்கொள்கிறோம். பூச்சி அரித்த துணியையும் தேதி கடந்த பிஸ்கட்டையும் நம் பிள்ளைக்குக் கொடுப்போமா? தேதி கடந்த தின்பண்டத்தை விற்பது சட்டப்படிக் குற்றம். அதை இலவசமாகக் கொடுத்தால் தர்மமாகிவிடாது. நல்ல துணி, அளவு மட்டும் சேரவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். மற்றது குப்பைதான். குப்பையைக் குப்பை என்று ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமாக இருக்கிறது. நம் கையால் வாங்கியதல்லவா!

நோட்டும் சீட்டும்

கடன் நோட்டை ஒழிப்பது சரக்கை ஒழிப்பதைவிடக் கடினம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் உண்டு. பழைய நோட்டிலிருந்து புது நோட்டுக்கு மாற்றும்போது முழுப் பெயர், தொலைபேசி எண், நாள், மாதம், வருஷம், எதற்காக என்று எழுதவேண்டும். இவற்றில் ஒன்றைக் கேட்டு அறிய முடியாமற்போனால் அதைத் தனித் தாளில் வையுங்கள். அந்தத் தாளின் தொகையைச் சொத்தாக எண்ண வேண்டாம்.

காலவரம்பையும் தெரிந்துகொள்வது நல்லது. தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படியும், சிங்கப்பூரில் 1959ஆம் வருஷத்துச் சட்டப்படியும், இத்தகைய கடனுக்கு 6 வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். கடன்பட்டவர் அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தினாலும், அன்றிலிருந்து 6 வருஷம் புதிதாக எண்ணப்படும். ஆகவே ஐந்து வருஷமாக நிற்கும் பெரிய பாக்கிக்காரரிடம் முழுத் தொகையைக் கேட்டுச் சண்டை போடுவதைவிட, 50 வெள்ளி வாங்கி ரசீது கொடுப்பது கெட்டிக்காரத்தனம். உண்மையிலேயே நொடித்துப்போனவர் என்று தெரிந்தால் அவகாசம் கொடுக்கலாம், அல்லது விட்டுக்கொடுத்துவிட்டு அதை அவரிடம் சொல்லிவிடலாம். சொல்லாமல் மனத்துக்குள் விட்டுக்கொடுத்தால் அவர் நம் கடை வழியே வர வெட்கப்பட்டு எதிர்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருப்பார்.

காகிதங்களில் எதை எறிவது, எதை வைப்பது என்ற குழப்பத்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். வருமானவரிக்காக வியாபாரக் கணக்குகளை மலேசியாவில் 7 வருஷமும் சிங்கப்பூரில் 5 வருஷமும் வைத்திருக்கவேண்டும். வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லாவிட்டால் அதற்கு முந்தியவற்றைக் கிழித்துப் போடலாம். நிலப்பத்திரம், கூட்டு ஒப்பந்தம், குடியுரிமைச் சான்று போன்றவை இந்தக் கணக்கில் சேரா. இன்னொன்று: இப்போது கடைகளில் தரும் பளபளப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகிறவை. நாளடைவில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்ளாவிட்டால் ஏழு வருஷம் வெள்ளைத் தாளைத்தான் பாதுகாத்துக்கொண்டிருப்போம்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வீட்டுக்காரர்கள் நம்மைவிட நன்றாகவே ஒழிப்பார்கள், நாம் குறுக்கே நிற்காவிட்டால். கட்டிலுக்கு அடியில் "ஊருக்குக் கொடுத்தனுப்ப" என்று எழுதிய பெட்டி இருக்கிறதே, அதை மட்டும் திறந்து பாருங்கள். கோடாலித் தைலம் கசிந்திருக்கும், சட்டை எடுத்து வைத்த பிள்ளை கல்லூரிக்குப் போயிருப்பான்.

எட்டக்கூடிய தீர்மானம்

இனித் தீர்மானத்துக்கு வருவோம். இருப்பும் பாக்கியும் எண்ணி முடித்தவருக்குத் தீர்மானம் தானாகவே சிறிதாகிவிடும். "பாக்கி முழுவதையும் வசூலிப்பேன்" என்றவர், 11,000 வெள்ளியில் ஆள் தெரிந்த பாக்கி 6,000தான் என்று கண்டபின், இந்த வருஷம் 3,000 வசூலிக்கலாம் என்பார். மாதம் 250 வெள்ளி. அது எட்டக்கூடியது.

"விற்பனையைப் போன வருஷத்தைவிட அதிகமாக்குவேன்" என்பவர்கள் எந்தப் போன வருஷத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2024இல் ரமலான் மார்ச் 12ஆம் தேதி தொடங்கி, நோன்புப் பெருநாள் ஏப்ரல் 10ஆம் தேதி வந்தது. 2025இல் ரமலான் மார்ச் 2ஆம் தேதியும் பெருநாள் மார்ச் 31ஆம் தேதியும் வந்தன. 2025 மார்ச்சு விற்பனையை 2024 மார்ச்சோடு ஒப்பிட்ட ஜவுளிக்காரர் தாம் பெரிதும் முன்னேறியதாக மகிழ்ந்திருப்பார். ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டிருந்தால் கடையை மூடிவிடலாம் என்று நினைத்திருப்பார். இரண்டும் தப்பு. நம் வியாபாரத்தில் ரமலானை ரமலானோடுதான் வைத்துப் பார்க்கவேண்டும். வருஷத்துக்குச் சுமார் 11 நாள் அது முன்னே நகர்கிறது. 2030இல் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் மற்றொரு ரமலானும் தொடங்கும். துணிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நம் கையில் உள்ள காரியத்தையே தீர்மானமாக வைக்கவேண்டும். வாடிக்கைக்காரர் எத்தனை பேர் வருவார்கள் என்பது நம் கையில் இல்லை. கடையில் 40 தட்டுகள் இருந்தால் வாரம் ஒரு தட்டை ஒழிப்பது நம் கையில் இருக்கிறது. வருஷத்துக்கு 52 வாரம். 40 தட்டும் முடிந்து 12 வாரம் மிஞ்சும். ரமலானுக்கும் இரண்டு பெருநாளுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் கையாள் லீவு போகும் நாட்களுக்கும் அந்த 12 வாரம் தாராளமாகப் போதும். "ஜனவரியிலேயே கடை முழுவதையும் ஒழித்துவிடுகிறேன்" என்று சட்டையைக் கழற்றிப் போட்டு இறங்குகிறவர்கள், இரண்டாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பழையபடி பரணில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

எந்த நேரத்தில், எதற்குப் பின் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வதும் உதவும். சர்க்கரையைக் குறைப்பேன் என்பதற்குப் பிடி இல்லை. அஸருக்குப் பின் குடிக்கும் தேயை மட்டும் கோசோங்காகக் கேட்பேன் என்றால், தே கலக்கும் தம்பிக்கே பழகிவிடும், நாம் மறந்தாலும் அவன் சீனி போடமாட்டான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தினசரிச் செயல் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்ததாகக் கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. ஒரு நாள் தவறிப்போனதால் பெரிய கெடுதல் உண்டாகவில்லை என்பதும் அதில் கண்ட விஷயம். மூன்றாவது வாரத்தில் ஜாபிதாவைக் கைவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இருபது நாளில் பழகவில்லை என்றால் அது தோல்வி ஆகாது. இன்னும் நாள் ஆகவில்லை, அவ்வளவே.

சென்ற வருஷம் நான் ஏழு தீர்மானம் எழுதினேன். ஒன்றும் நிற்கவில்லை. இந்த வருஷம் இரண்டுதான். வியாழக்கிழமை தோறும் இஷாவுக்குப் பின் ஒரு தட்டு. தினமும் கதவை இறக்குவதற்கு முன் அன்றைய கடனை வருஷத்தோடு எழுதுவது. தட்டில் இதுவரை இரண்டு வாரம் தவறியிருக்கிறது. கடன் எழுதுவதில் தவறிய நாள் ஐந்தோ ஆறோ இருக்கும். கூட்டாளி வைத்து நடத்துகிறவர்கள் இருவரும் மாதம் ஒரு தடவை நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. கோபித்துக்கொள்வாரே என்று தயங்கவேண்டாம். தயங்கித் தயங்கித்தான் எத்தனையோ கூட்டு வியாபாரம் கோர்ட்டுப் படியேறியிருக்கிறது.

புது நோட்டின் முதல் பக்கத்தில் வரவேண்டியதை எழுதவேண்டாம். தரவேண்டியதை எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்த வருஷம் எந்தத் தேதியில் வாங்கியது, கொடுத்தவரிடம் சீட்டு இருக்கிறதா என்று. பெரிய தொகையாக இருந்தால் கொடுத்தவரையே அழைத்து அந்தப் பக்கத்தைக் காட்டி ஒப்பம் வாங்கிக்கொள்ளலாம். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் இப்போது நான்கு பெயர்கள் இருக்கின்றன. நோட்டு கல்லாவுக்குக் கீழ் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. மனைவிக்கும் மூத்த மகனுக்கும் இடத்தைக் காட்டிவிட்டேன்.